மாட்டுங்கா பெட்டியில் இருந்த 1949-ஆம் வருட ரூபாய்: ஒரு நிகழ்வு ஆய்வு

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். வீட்டுப் பெரியவர் காலமான பிறகு அவர் சேர்த்து வைத்திருந்த பழைய நாணயங்களை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. ஃபோர்ட் பகுதியில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர் அவர். மதிய இடைவேளையில் ஃப்ளோரா ஃபவுன்டன் நடைபாதையில் துணி விரித்துக் காசு விற்பவர்களிடம் வாங்குவார். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சோர் பஜார் பக்கம் தெருவோரக் கடைகளைச் சுற்றிவிட்டு, குளித்து ஆபீஸ் போவார். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குகிற ஆள் இல்லை. ஆட்சி கைமாறிய சமயங்களில் அடித்த நாணயங்கள் மட்டுமே அவருக்கு வேண்டும். ஒவ்வொன்றையும் எங்கே, யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினார் என்று கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

பெட்டியைப் பார்த்த வியாபாரி ஒருவர் மொத்தமாக ஒரு தொகை சொன்னார். நல்ல தொகை. "1949-க்காகத்தான் இவ்வளவு, மற்றதெல்லாம் சில்லறை" என்றும் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் இருக்கும் மகன், விற்க வேண்டாம், அடுத்த முறை வரும்போது எடுத்துப் போகிறேன் என்றார். நடுவில் மாட்டிக்கொண்டவர் பெரியவரின் மனைவி, எனக்கு மாமி. அவர் என்னைக் கூப்பிட்டார். "அந்த ஆளு ஒண்ணே ஒண்ணுக்காகத்தான் இவ்வளவு தரேங்கறான். அது என்னன்னு நீ பார்த்துச் சொல்லுப்பா." வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. மதிப்பிட்டுச் சொல்லும் பொருளை நானே வாங்குவதும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பெட்டியில் கவனிக்க வேண்டியவை ஏழு. சிங்கத் தலை போட்ட, 1949 என்று ஆண்டுள்ள நிக்கல் ரூபாய், கூடவே அது 'பேட்டர்ன்' என்று சொல்லும் ஒரு சீட்டு. ஐந்தாம் ஜார்ஜின் 1911 வெள்ளி ரூபாய். கண்ணாடி போல மின்னும் 1862 விக்டோரியா காலணா. கட்ச் சமஸ்தானத்தின் 1936 ஐந்து கோரி (கோரி அந்தச் சமஸ்தானத்தின் நாணயம்). எட்டாம் எட்வர்டின் தலை போட்ட, 1936 என்றிருக்கும் பெரிய வெள்ளை நாணயம். ராமர் பட்டாபிஷேகத்துடன் 1818 கிழக்கிந்தியக் கம்பெனி காசு. கடைசியாக, கருத்துப் போய் எடையே இல்லாதது போலிருந்த ஒரு பிரெஞ்சு வட்டு. இவை போக 1947-ஆம் வருடப் புலி ரூபாய்கள் ஒரு கை நிறைய.

பேட்டர்ன் என்று சேகரிப்பவர்கள் சொல்வது, புழக்கத்துக்கு விடுவதற்கு முன் 'இப்படி இருந்தால் சரிப்படுமா' என்று மேலிடம் பார்ப்பதற்காக மின்ட், அதாவது நாணயச் சாலை, அடித்துக் காட்டும் சில துண்டுகளை. பிடித்துப் போனால் அதே வடிவம் கோடிக்கணக்கில் வெளியே வரும். பிடிக்காவிட்டால் அந்தச் சில துண்டுகளோடு கதை முடிந்தது. ஆட்சி மாறும்போது இப்படிப்பட்டவை அதிகம் பிறக்கும். பழைய முகத்தை எடுத்தாக வேண்டும். எதை வைப்பது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அந்த இடைவெளியில் மின்ட் சும்மா இருக்க முடியாது.

இந்தியாவில் அந்த இடைவெளி மூன்று வருடம் நீண்டது. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகும் ஆறாம் ஜார்ஜின் தலை போட்ட காசுதான் புழங்கியது. இந்தக் காலத்தை ரிசர்வ் வங்கி 'உறைந்த வரிசை' என்று குறிப்பிடுகிறது. 1950 ஆகஸ்ட் 15 அன்றுதான் குடியரசின் சொந்த நாணயங்கள் வந்தன. அரசர் தலை இருந்த இடத்தில் சாரநாத் சிங்கத் தலை, ரூபாயில் புலி இருந்த இடத்தில் தானியக் கதிர். நோட்டுகளில் அரசருக்குப் பதில் காந்தியின் படம் போடலாம் என்று முதலில் நினைத்து, வடிவங்கள்கூடத் தயாரித்தார்கள். கடைசியில் சிங்கத் தலைக்கே எல்லாரும் சம்மதித்தார்கள். 1949-இல் வந்த ஒரு ரூபாய் நோட்டில் அது இருக்கிறது. ஆகவே 1949 என்ற ஆண்டோடு சிங்கத் தலை ரூபாய் ஒன்று பேட்டர்னாக இருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. அந்த ஆண்டிட்ட சோதனை அடிகள் உண்டு என்பது சேகரிப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். சிக்கலும் அங்கேயே இருக்கிறது. நம்பக்கூடிய கதை ஒன்று ஏற்கெனவே இருந்தால், பொய்ச் சரக்கு செய்பவனுக்குப் பாதி வேலை மிச்சம்.

முதலில் எடை. 1950-இல் வந்த ரூபாய் 11.66 கிராம், 28 மில்லிமீட்டர், சுத்த நிக்கல். பெட்டியில் இருந்த 1949-உம் கிட்டத்தட்ட அதே எடை. தேய்ந்த அளவுக்கு மட்டும் கொஞ்சம் குறைவு. காந்தம் வைத்தால் டக்கென்று ஒட்டுகிறது. ஜவேரி பஜாரில் தங்கம் சோதிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியில் காட்டினோம். கல்லாவில் இருந்த பையன் "இதுல தங்கம் கொஞ்சம்கூட இல்லையே சார்" என்று வருத்தப்பட்டான், ஆனால் திரையில் நிக்கல்தான் வந்தது. வியாபாரியும் இவ்வளவு தூரம் பார்த்திருப்பார். இதோடு நிறுத்தினால் யாரும் 'சரி, அசல்' என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்று யோசிக்க வேண்டும். இது அரசு மின்ட்டில் நிக்கலில் அடித்த ரூபாயா என்றால், ஆம். சாதாரண 1950 ரூபாயும் அப்படிப்பட்டதுதானே! எடை, அளவு, உலோகம் மூன்றும் 1950-க்கும் பொருந்தும். ஒரு போலியைப் புதிதாக வார்த்தால் இந்தச் சோதனைகளில் மாட்டும். அசல் 1950-ஐ எடுத்துக் கடைசி இரண்டு எண்களை மட்டும் மாற்றியவனைத் தராசு ஒருநாளும் பிடிக்காது. மீதி இருப்பது கண் மட்டும்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்துப் பார்த்தபோது முதலில் தெரிந்தது தேய்மானம். சிங்கத்தின் பிடரி மயிர் மேடுகள் மழுங்கியிருக்கின்றன. கதிரின் மணிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பல வருடம் சட்டைப் பையிலும் கல்லாப் பெட்டியிலும் உருண்ட காசு அது. பேட்டர்ன் பையில் உருளாது. மேசை இழுப்பறையில் காகிதத்தில் சுற்றிக் கிடக்கும். உருண்டிருக்கவே முடியாதா என்றால், முடியும். குழந்தை எடுத்துக் கடையில் கொடுத்திருக்கலாம். ஆனால் அப்படி உருண்டிருந்தால் ஆண்டு எண்ணும் சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும். இதில் 1-உம் முதல் 9-உம் வழுக்கையாக இருக்கின்றன. 4-உம் கடைசி 9-உம் நேற்று வெட்டியது போல ஓரம் கூர்மையாக நிற்கின்றன. ஒரே நாணயத்தில், அடுத்தடுத்த எண்களுக்கு வேறு வேறு வயது.

அப்புறம் அந்த எண்களைச் சுற்றியிருக்கும் தளம். அடித்த நாணயத்தின் பரப்பில், அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்ந்ததன் மெல்லிய வரிகள் இருக்கும். நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றினால் ஒளி அந்த வரிகளில் ஓடும். இதில் ஆண்டின் பின்பாதிக்கு வந்ததும் ஒளி நின்றுவிடுகிறது. அந்த இடம் மட்டும் ஒரு சிறு பள்ளம். பள்ளத்துக்குள் ஒரே திசையில் இழுத்த கீறல்கள், மிக நுண்ணிய அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்தது போல. இரண்டு 9-களும் ஜோடியும் இல்லை. முதல் 9-இன் வால் வளைந்து உள்ளே வருகிறது, இரண்டாவதன் வால் நேராக இறங்குகிறது. ஒரே அச்சுக்கருவியில் ஒரே ஆள் வெட்டிய எண்கள் இப்படி இருக்காது. 5-ஐயும் 0-ஐயும் சுரண்டி எடுத்து, சுற்றியிருந்த உலோகத்தையே ஒதுக்கி மேடாக்கி 4, 9 செய்திருக்கிறான். கைத்திறன் உள்ள ஆள்தான், அதில் குறை சொல்ல முடியாது. காந்த நிக்கல் எவ்வளவு கடினமான உலோகம் என்று தெரிந்தவர்கள் அவன் பட்ட பாட்டுக்காகவே கொஞ்சம் மரியாதை கொடுப்பார்கள்.

மாமாவின் நோட்டைப் புரட்டினோம். மற்ற எல்லாவற்றுக்கும் தேதி, இடம், விற்றவர் பற்றி ஒரு வரி, விலை என்று ஒழுங்காக இருக்கிறது. 1949-க்கு நேராக விலையும் ஒரு கேள்விக்குறியும் மட்டும். பெட்டியில் அதனுடன் தட்டச்சு செய்த ஒரு துண்டுச் சீட்டு: பம்பாய் மின்ட் அதிகாரி வீட்டிலிருந்து வந்த பேட்டர்ன் என்று. அதிகாரி பெயர் இல்லை, தேதி இல்லை, எழுதியவர் கையெழுத்து இல்லை. மாட்டுங்காவிலிருந்து ஃபோர்ட்டுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ரிசர்வ் வங்கிக்கு எதிரே அந்த மின்ட் இன்றும் நிற்கிறது. 'மின்ட்காரர் வீட்டுச் சரக்கு' என்பது இந்த ஊர்ச் சந்தையில் நன்றாக விலைபோகும் வசனம், அவ்வளவுதான்.

ஆவணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தத் துறையில் எல்லாரும் சொல்லும் உதாரணம் ரஷ்யாவின் கான்ஸ்டன்டைன் ரூபிள். 1825-இல் முதலாம் அலெக்சாண்டர் தலைநகரிலிருந்து வெகு தூரத்தில் இருந்த டாகன்ராக்கில் இறந்தார். வாரிசு அவருடைய தம்பி கான்ஸ்டன்டைன் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் வார்சாவில் இருந்தார். அரியணை வேண்டாம் என்று முன்பே ரகசியமாக எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். அது தெரியாத செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மின்ட், புதிய ஜாரின் முகத்தோடு வெள்ளி ரூபிள் பேட்டர்ன்களை அவசரமாக அடித்தது. அடித்து முடிப்பதற்குள் நிலைமை தலைகீழ். இன்னொரு தம்பி நிக்கோலஸ் பட்டத்துக்கு வர, பதவியேற்பு நாளிலேயே டிசம்பர் கிளர்ச்சி வெடித்தது. கான்ஸ்டன்டைன் பெயரைச் சொன்னாலே ராஜதுரோகம் என்ற நிலை. நிதி அமைச்சர் காங்க்ரின் நாணயங்களையும் அச்சுகளையும் வரைபடங்களையும் பெட்டியில் போட்டு முத்திரை வைத்து அமைச்சகத்திலேயே பூட்டிவிட்டார். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பெட்டி அங்கேயே கிடந்தது. முழுமையானவை ஐந்து. அந்த ஐந்துக்கும் மதிப்பு வந்தது வெள்ளியால் அல்ல, பெட்டியாலும் முத்திரையாலும். விளிம்பில் எழுத்தில்லாமல் வேறு வழியாகச் சந்தைக்கு வந்த சில துண்டுகளைப் பற்றி அறிஞர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அவற்றுக்குப் பெட்டி இல்லை.

பெட்டியில் இருந்த எட்டாம் எட்வர்டுக்கு வருவோம். 1936 ஜனவரியில் பட்டத்துக்கு வந்து அதே டிசம்பரில் துறந்தவர். பிரிட்டிஷ் மின்ட் 1937 ஆண்டிட்டு அவருக்கான பேட்டர்ன்களைத் தயார் செய்திருந்தது. ஒவ்வொரு அரசரும் முந்தையவருக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும் என்ற பழைய மரபை மீறி, தன் இடது முகத்தைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். அப்படித்தான் போட்டார்கள். புதிய பன்னிரண்டு பக்க மூன்று பென்ஸ் காசுகளில் சிலவற்றைக் காசு போட்டால் இயங்கும் இயந்திரங்கள் செய்பவர்களுக்குச் சோதனைக்குக் கொடுத்தார்கள். அவற்றில் சில திரும்பி வரவே இல்லை. அந்த வரிசையின் சாவரின் தங்கக் காசு ஒன்று 2020-இல் பத்து லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. இப்படி ஒரு விலை செய்தியில் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மாமாவின் பெட்டியில் இருந்தது, பிற்காலத்தில் தனியார் யாரோ 1936 என்று ஆண்டு போட்டு அடித்த அலங்காரத் துண்டு. எந்த அரசும் கேட்கவில்லை, எந்த மின்ட்டும் ஒப்புதலுக்காகக் காட்டவில்லை. போலி என்றுகூடச் சொல்ல முடியாது. எதைப் பார்த்துக் காப்பி அடித்தது என்று காட்ட அசல் ஒன்று இருந்தால்தானே? இதன் பக்கத்தில் மாமா "சும்மா ஆசைக்கு" என்று எழுதியிருந்தார்.

ஆனால் அதே எட்வர்டின் நிஜமான இந்திய நாணயம் அடுத்த பொட்டலத்திலேயே இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா அவர் பெயரில் எதுவும் வெளியிடவில்லை. கட்ச் மன்னர் மூன்றாம் கெங்கார்ஜியின் மின்ட்டோ, வழக்கப்படி ஒரு பக்கம் பேரரசர் பெயரைப் பாரசீக எழுத்திலும் மறுபக்கம் தன் மன்னரின் பெயரை நாகரியிலும் போட்டு 1936-இல் கோரிகளை அடித்துத் தள்ளியது. முகம் கிடையாது, எழுத்து மட்டும். அதனால் பார்ப்பவர்கள் கண்டுகொள்வதில்லை. இது பேட்டர்ன் அல்ல, புழங்கிய காசு, விலையும் அதிகமில்லை. ஒரு வருடம்கூட நீடிக்காத ஆட்சியின் சாட்சியாக எனக்கு அந்தப் பத்து லட்சம் பவுண்டு சாவரினைவிட இது பிடிக்கிறது. அது அவரவர் ருசி.

1911 ரூபாயை மாமி 'பன்னி ரூபாய்' என்றே சொன்னார். மாமா சொல்லிக் கேட்டது. ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததும் வந்த முதல் ரூபாயில், அவர் அங்கியில் தொங்கும் பதக்க மாலையில் ஒரு யானை. தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்தது. முணுமுணுப்பு கிளம்ப, விநியோகத்தை நிறுத்தி, வெளியே போகாதவற்றை உருக்கி, 1912-இல் தும்பிக்கையை நீட்டிச் சரிசெய்தார்கள். பேட்டர்னில் பிடித்திருக்க வேண்டிய பிழையைப் புழக்கத்தில் பிடித்த கதை. நாணயம் அசல், நல்ல நிலை.

1862 காலணாவின் பளபளப்புதான் வீட்டில் எல்லாரையும் மயக்கியிருந்தது. கம்பெனி ஆட்சி போய் மகுடத்தின் ஆட்சி வந்த பிறகு வந்த முதல் வரிசை அது. ஆனால் இந்தக் கண்ணாடிப் பளபளப்பு 1862-ஐச் சேர்ந்தது அல்ல. சேகரிப்பவர்கள் கேட்டால் பழைய அச்சுகளை எடுத்து மறுபடி அடித்துக் கொடுக்கும் வழக்கம் இந்திய மின்ட்களில் 1970 ஜூலை வரை இருந்தது. ரீஸ்ட்ரைக் என்பார்கள். அரசு மின்ட்டே, அசல் அச்சிலேயே அடித்தது. நூறு வருடம் தள்ளி அடித்தது. சேமிப்பில் கிடந்து துரு அரித்த அச்சின் புள்ளிகள் மின்னும் தளத்தில் சிறு பருக்களாகத் தெரியும். விக்டோரியா கன்னத்தில் அப்படி இரண்டு மூன்று இருந்தன. மாமாவுக்குத் தெரிந்திருந்தது: நோட்டில் 'ரீ' என்று ஓர் எழுத்து போட்டிருந்தார். விற்கிறவர்கள் அந்த ஓர் எழுத்தை விட்டுவிடுவதுதான் தொல்லை. இந்திய பேட்டர்ன் என்று சந்தைக்கு வரும் பலவற்றை முதலில் இந்தச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

1818 ராமர் காசைப் பற்றி ஒரு வரி போதும். கம்பெனி அப்படி ஒன்றை அடித்ததே இல்லை. பூஜை அறையில் வைத்துக்கொள்ளலாம், தோஷமில்லை.

பிரெஞ்சு வட்டை யாரும் கையில் எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நோட்டில், "பிரெஞ்சு, ராணி தலை, 1848, பழைய மெடல்களோடு வந்தது, 12 ரூ., சோர் பஜார்" என்று ஒரு வரி. ராணி இல்லை அது. குடியரசைப் பெண் உருவில் காட்டும் தலை, சுற்றிலும் பிரெஞ்சுக் குடியரசு என்ற வாசகம். மறுபக்கம் 10 சென்டீம், 1848. 1848 ஆண்டிட்ட 10 சென்டீம் பிரான்ஸில் புழக்கத்துக்கு வந்ததே கிடையாது. அப்போது செம்பில் வந்தது ஒரு சென்டீம் மட்டும். 10 சென்டீம் வெண்கலத்தில் வந்தது 1852-இல், லூயி நெப்போலியன் கைக்கு எல்லாம் போன பிறகு. அப்படியானால் இது என்ன?

1848 பிப்ரவரியில் லூயி பிலிப் முடியைத் துறந்து ஓடினார். புதிய குடியரசு தன் நாணயங்களுக்கு வடிவம் கேட்டுப் போட்டி அறிவித்தது: தங்கத்தில் 20 ஃபிராங்க், வெள்ளியில் 5 ஃபிராங்க், செம்பில் 10 சென்டீம். ஊரில் இருந்த பெரிய செதுக்குநர்கள் எல்லாம் இறங்கினார்கள். தங்கத்துக்கு மெர்லே, வெள்ளிக்கு ஊதினே வடிவங்கள் தேர்வாகி 1849-இல் புழக்கத்துக்கு வந்தன. தோற்றவர்களின் அடிகள் மிஞ்சின. அவற்றில் நிறைய வெள்ளீயத்தில் அடித்தவை. வெள்ளீயம் மெத்தென்ற உலோகம். அச்சைக் கொஞ்சம் அழுத்தினாலே மயிரிழை வரை எடுத்துக்கொள்ளும், அச்சுக்கும் சேதமில்லை. ஒரு ஆட்சி தன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுக்காமல் தவித்த சில மாதங்களை இவ்வளவு முழுதாகப் பார்க்க முடிவது அந்தப் போட்டித் துண்டுகளில்தான். அதே தலைப்பு, அதே வாசகம், ஆளுக்கு ஒரு பெண், ஒருத்தி கோதுமை சூடியிருப்பாள், ஒருத்தி முறைப்பாள்.

வெள்ளீயத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. அடுப்பிலேயே உருகும்; அச்சுவார்ப்பில் போலி செய்வது சுலபம். எனவே இதையும் சும்மா விடவில்லை. நூலில் கட்டி, தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்து அடர்த்தி கணக்கிட்டால் 7.3-ஐ ஒட்டி வந்தது. சுத்த வெள்ளீயத்தின் அடர்த்தி அதுதான். மலிவான வார்ப்புகளில் ஈயம் கலப்பார்கள், அப்போது கணக்கு மேலே ஏறும். விளிம்பில் வார்ப்பு மூட்டின் கோடு இல்லை. தளத்தில் காற்றுக் குமிழ்க் குழிகள் இல்லை. 1949 ரூபாயின் ஆண்டு எண்ணருகே தேடிக் கிடைக்காத அந்தப் பாய்ச்சல் வரிகள், கறுப்புக்கு அடியிலும் இதில் எழுத்துகளின் காலடியில் தெளிவாக இருக்கின்றன. வார்த்தது அல்ல, அடித்தது. 1848-இல் அடித்ததா, பின்னாளில் யாராவது அடித்ததா என்பதையும் கேட்க வேண்டும். பிரெஞ்சு வரிசையில் அதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது: நெப்போலியனின் மகனுக்கு, ஆளாத அந்த இரண்டாம் நெப்போலியனுக்கு, 1816 என்று ஆண்டு போட்டு 'எஸ்ஸே' (சோதனை) என்றும் பொறித்த துண்டுகள் உண்மையில் 1860 வாக்கில் பிரஸ்ஸல்ஸில் அடிக்கப்பட்டவை. நாணயத்தின் மேல் சோதனை என்று எழுதியிருப்பதால் அது சோதனை ஆகிவிடாது. ஆனால் போட்டியில் தோற்ற, பிரபலமில்லாத ஒரு வடிவத்தைப் பின்னால் போலி செய்து யாருக்கு லாபம்? சோர் பஜாரில் பன்னிரண்டு ரூபாய்க்குத்தானே போனது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெட்டியில் பேட்டர்ன் என்று நான் தயங்காமல் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

முடிவை மாமியிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே: "அப்போ அந்த வியாபாரிகிட்ட 1949-ஐக் கொடுத்துடலாமா? அவனுக்குத் தெரியாதே." சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். காரணம் நல்லொழுக்கம் மட்டும் இல்லை. இன்றைக்கு அவரிடம் போனால் நாளைக்கு 'மாட்டுங்கா குடும்பத்துச் சரக்கு' என்ற புதுக் கதையோடு இன்னொருவரிடம் போகும். அந்தச் சீட்டுக்கு இந்த முறை நிஜமான பெயரும் முகவரியும் சேர்ந்துவிடும். வியாபாரிக்கு லூப்பைக் கொடுத்து இரண்டு 9-களையும் காட்டினோம். மனிதர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, தொகையை நான்கில் ஒன்றாக்கினார். அது நியாயமான விலைதான்.

மகனுக்குச் சொல்ல வேண்டியது வேறு. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய நாணயம் தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. எந்த நாட்டில் அடித்தது என்ற பேச்சே அதில் இல்லை. இந்தியாவில் இருக்கிறதா, நூறு வயது ஆகிவிட்டதா, அவ்வளவுதான். ஆகவே 1911 ரூபாயும், பிரெஞ்சுக்காரர்களே அடித்த அந்த வெள்ளீயமும் பெட்டியைத் தாண்டி விமானம் ஏறக் கூடாது. ரீஸ்ட்ரைக் காலணா பிறந்தது பிற்பாடுதான், ஆனால் மேலே 1862 என்று எழுதியிருக்கிறது. விமான நிலையத்தில் நின்று சுங்க அதிகாரிக்கு ரீஸ்ட்ரைக் பாடம் நடத்த விரும்புகிறவர் முதலில் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்கிக்கொள்ளட்டும். கட்ச் கோரிக்கு இன்னும் நூறு ஆகவில்லை, புலி ரூபாய்க்கும் ஆகவில்லை. மகன் கோரியையும் ஒரு புலியையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

மீதிப் புலி ரூபாய்களும் ரீஸ்ட்ரைக்கும் அதே வியாபாரிக்குப் போயின, பில்லில் 'ரீஸ்ட்ரைக்' என்ற சொல்லோடு. பன்னி ரூபாய் வீட்டில் இருக்கிறது. 1949-ஐ ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, 'ஆண்டு எண் மாற்றப்பட்ட 1950 ரூபாய், விற்பனைக்கு அல்ல' என்று எழுதி, தட்டச்சுச் சீட்டையும் அதோடு சேர்த்து ஒட்டி வைத்தோம். வெள்ளீயத்துக்கு மும்பையில் கேட்பார் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு நாணயங்கள் சேர்ப்பவர் ஒருவர் படம் பார்த்ததும் ஆர்வம் காட்டினார். மாமி தரச் சம்மதித்தார். வாங்குபவர் விலையைப் பற்றிப் பேரம் பேசவே இல்லை. நோட்டில் அந்த வரி இருக்கும் பக்கம் அசலாக வேண்டும் என்று மட்டும் கேட்டார். அதே பக்கத்தில் பன்னி ரூபாயின் வரியும் இருப்பதால் மாமி கிழித்துத் தர மறுத்துவிட்டார். ஜெராக்ஸ் எடுத்து, கீழே தேதியோடு கையெழுத்துப் போட்டுத் தருவதென்று பேசி முடித்தார்கள்.